சீமாட்டி ஊற்றிய தேநீர்

அந்த வசனத்தை நான் வாசித்து முடித்தபோது மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

சிரிப்பதற்கென்றே எழுதிய வசனம் அது. வட்டமாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் கதிரைகளில் ஒன்பது டெனிஷ்காரர்கள் இருந்தார்கள். எல்லோர் மடியிலும் நாடகப் பிரதி. ஒருவர் வாய்க்குக் கொண்டுபோன கோப்பிக் கோப்பையை அந்தரத்தில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நாங்கள் இருக்கும் டென்மார்க் நகரமான ஹோர்சன்ஸில் அன்று மாலை நல்ல மழை. கதவருகே மழைச்சட்டைகள் சொட்டிக்கொண்டிருந்தன. மண்டபம் முழுக்க ஈரக் கம்பளி மணம்.

கிர்ஸ்டன்தான் முதலில் வாய் திறந்தார். அவர் எங்கள் நெறியாளர், ஓய்வுபெற்ற ஆசிரியை.

“இன்னொரு தடவை வாசி, வசந்தி. அதே மாதிரி.”

வாசித்தேன். இந்த முறை சிரித்தார்கள். ஆனால் கொஞ்சம் பயந்து சிரித்தார்கள்.

“இதை நீ எங்கே கற்றுக்கொண்டாய்?” என்று கேட்டார் கிர்ஸ்டன்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. “வீட்டில்தான்” என்றேன்.

நான் நினைத்துச் சொன்னது ஒன்று. அந்தப் பதில் உண்மையான விதம் வேறொன்று. அதைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

பணிப்பெண்ணுக்கு மூன்று வசனம்

முதியோர் இல்லத்துச் சமையலறையைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அங்கே பத்து வருடம் என் பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு உரித்தவள் பென்டே. வேலையை விட்டபிறகு வீட்டில் சும்மா இருந்த என்னை ஒரு செவ்வாய்க்கிழமை மாலை இந்த நாடகக் குழுவுக்கு இழுத்துப் போனவளும் அவள்தான். தச்சுவேலை செய்பவர், நூலகத்தில் வேலை செய்பவர், பேரப்பிள்ளை பார்ப்பவர் என்று எல்லாரும் பொழுதுபோக்குக்காக நடிப்பவர்கள்.

அந்த வருடம் அவர்கள் எடுத்திருந்தது விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கில நகைச்சுவை நாடகம் ஒன்றின் பழைய டெனிஷ் மொழிபெயர்ப்பு. பெரிய வீட்டுக்காரரின் போலி மரியாதைகளைக் கிண்டல் பண்ணும் கதை. ஒரு சீமாட்டி. அவளுடைய தம்பி மகளைக் காதலிக்கிற இளம் டாக்டர். பெண் கேட்டு வந்தவனைச் சீமாட்டி தேநீருக்கு இருத்தி விசாரிக்கிறாள். அவன் தகப்பன் சவர்க்காரம் காய்ச்சியவன் என்று தெரியவருகிறது. கடைசிக் காட்சியில் சீமாட்டியின் சொந்தப் பாட்டனார் வீடு வீடாக மெழுகுதிரி விற்றவர் என்பது அம்பலமாகும். அவ்வளவுதான் கதை.

சீமாட்டி பென்டே. எனக்குப் பணிப்பெண் வேடம். மூன்று வசனம். “ஆம், சீமாட்டி.” “டாக்டர் வந்திருக்கிறார், சீமாட்டி.” “மழை வரும்போல் இருக்கிறது, சீமாட்டி.”

வீட்டில் இவரிடம் சொன்னேன். என் கணவர் அதிகம் பேசாத மனிதர். அன்று பேசினார்.

“முப்பது வருசமா இஞ்சை தட்டுக் கழுவினது காணாதே? மேடையிலையும் கழுவப் போறீரோ?”

“நாடகத்திலை தட்டுக் கழுவுற காட்சி இல்லையப்பா” என்றேன்.

ஆனால் அவர் சொன்னது எனக்குள் போய் ஓரிடத்தில் தங்கிவிட்டது. பிறகு பென்டேக்குக் காய்ச்சல் வந்த செவ்வாய்க்கிழமை, “அவள் பகுதியை யாராவது வாசியுங்கள்” என்று கிர்ஸ்டன் கேட்டபோது, என் கைதான் முதலில் உயர்ந்தது.

அடுத்த கிழமை பென்டே வந்தாள். நான் வாசிப்பதைக் கேட்டாள். எழுந்து போய்ப் பணிப்பெண்ணின் வெள்ளை ஏப்ரனைத் தானே கட்டிக்கொண்டாள்.

“எனக்கு நிம்மதி” என்றாள். “ஒருவரை அப்படி மேலிருந்து பார்க்க எனக்கு வரவே இல்லை. இரண்டு மாதமாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று முயற்சி செய்கிறேன்.”

உண்மைதான். டென்மார்க்கில் நகரபிதாவும் சைக்கிளில் வருவார், அவரையும் பேர் சொல்லிக் கூப்பிடலாம். இந்த நாட்டுக்காரருக்குள் உயர்வு தாழ்வே இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது. ஆனால் அதைத் தேநீர் ஊற்றுகிற கையில் காட்டுகிற வித்தை அவர்களுக்கு மறந்துபோய்விட்டது.

ஒரு சொல் மாறினால்

நாடகத்தில் ஒரு இடம் வரும். சீமாட்டி டாக்டரைத் தொடக்கத்தில் “டி” என்கிறாள். அது டெனிஷில் “நீங்கள்” மாதிரி. சவர்க்காரக் கதை வெளியே வந்ததும் ஒரு கணம் நிறுத்தி, சீனிக் கிடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, இப்படிச் சொல்வாள்:

“சவர்க்காரத்தை நாங்கள் பாவிக்கிறோம். அதை யாரோ காய்ச்சுகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியவந்ததில்லை. தேநீரைக் குடி.”

அந்தக் “குடி”யில் “டி” போய் “டு” வந்துவிடும். “நீங்கள்” போய் “நீ” வந்துவிடும்.

டாக்டராக நடித்த மிக்கெலுக்கு இது விளங்கவே இல்லை. அவன் முப்பது வயதுத் தச்சன். பிறந்ததிலிருந்து எல்லோரையும் “டு” என்றே கூப்பிட்டு வளர்ந்தவன். “டி” என்பது அரச குடும்பத்துக்குக் கடிதம் எழுதினால் மட்டும் தேவைப்படும் சொல் என்று நினைத்திருந்தான்.

“ஒரு சொல் மாறினால் அவமானமா?” என்று கேட்டான்.

கிர்ஸ்டன் விளக்கித் தோற்றுப்போனார். நான் சொன்னேன்: “எங்கள் மொழியில் மூன்று படி இருக்கிறது. நீங்கள், நீர், நீ. நடுப்படியில் அன்பும் இருக்கும், அலட்சியமும் இருக்கும். என் கணவர் என்னை அந்த நடுச்சொல்லால்தான் கூப்பிடுவார், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒருவரை மேல்படியில் வைத்துக் கதைத்துக்கொண்டிருந்துவிட்டு, நடுவில் ஒரு படி கீழே இறக்கினால், இறக்கப்பட்டவருக்கு அது உடனே விளங்கும்.”

“நீங்கள் தினமும் இதைச் செய்கிறீர்களா?” என்றான் மிக்கெல்.

“யோசிக்காமலேயே செய்கிறோம்” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மச்சாளின் சிரிப்பு

“தெரிந்த ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு நடி” என்று கிர்ஸ்டன் சொல்லியிருந்தார். எனக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. கோல்டிங்கில் என் கணவரின் அக்கா இருக்கிறா, பத்மா மச்சாள்.

மச்சாள் கெட்ட மனுசி இல்லை. எனக்கு ஒப்பரேசன் நடந்தபோது மூன்று கிழமை எங்கள் வீட்டில் தங்கிச் சமைத்தவ. ஆனால் புது ஆட்களைக் கண்டால் அவவுக்குள் ஒரு சீமாட்டி எழுந்து உட்காருவா.

“எந்த ஊர்?” என்பதை எங்களில் எவரும் கேட்பார்கள். அது சுகம் விசாரிப்பது மாதிரி. “ஊரிலை எவடம்?” என்பது வேறு. எந்தக் கோயிலடி, எந்த ஒழுங்கை என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள், கேட்டவருக்கு வேண்டிய சாதிக் கணக்கு கிடைத்துவிடும். வாய்விட்டுக் கேட்ட பழியும் வராது.

ஒருமுறை கோல்டிங்கில் ஒரு சாமத்திய வீடு, ஒரு பிள்ளை பெரியவளான கொண்டாட்டம். புதிதாக வந்த ஒரு பெண்ணிடம் மச்சாள் அந்தக் கேள்வியைக் கேட்டா. பதில் வந்தது. மச்சாளின் தலை சற்றுப் பின்னே சாய்ந்து, நாடி ஒரு விரற்கடை மேலே போனது. உதடு திறக்காத ஒரு சிரிப்பு. “ஓ… அப்பிடியே” என்றுவிட்டுப் பக்கத்து மனுசியின் சேலைக் கரையைப் பார்க்கத் திரும்பிவிட்டா. அந்தப் பெண் கையிலிருந்த ரோல்சைக் கடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நின்றாள்.

அந்த நாடியை எடுத்தேன். அந்தச் சிரிப்பை எடுத்தேன். அந்த “ஓ… அப்பிடியே”க்கு டெனிஷில் ஒரு சொல் கண்டுபிடித்து வசனத்துக்கு முன் செருகினேன். கிர்ஸ்டன் கைதட்டினார்.

முன்வரிசை

நாடகம் இரண்டு நாள், சனியும் ஞாயிறும், பின்னேரம் மூன்று மணிக்கு. சனிக்கிழமை மச்சாள் மாம்பழ நிறக் காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு முன்வரிசையில் வந்து இருந்தா. அவவுக்கு இரண்டு கதிரை தள்ளி என் மகள் மதுரா.

மதுரா ஒடென்சேயில் பிசியோதெரபிஸ்ட். மாதம் ஒருமுறை வருவாள், சாப்பிடுவாள், தகப்பனோடு பந்து விளையாட்டுப் பார்ப்பாள், போய்விடுவாள். நான் தமிழில் கேட்டால் அவள் டெனிஷில் பதில் சொல்வாள். அது எல்லா வீட்டிலும் உள்ளதுதான் என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன்.

தேநீர்க் காட்சி வந்தது. நாடி உயர்ந்தது. கிடுக்கியை வைத்தேன். “தேநீரைக் குடி” என்றேன். மண்டபம் அதிர்ந்தது. எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தது மச்சாள்தான். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தா.

முடிந்ததும் ஓடிவந்து என் கையைப் பிடித்தா. “அச்சொட்டாச் செய்திட்டீர், வசந்தி! எங்கடை ஆக்களுக்குள்ளையும் இப்பிடிச் சிலதுகள் இருக்குதுகள், என்ன? ஆரைப் பாத்துப் பழகினனீர்?”

“சும்மா கற்பனைதான் மச்சாள்.”

அவவுக்குத் தன்னைத் தெரியவில்லை. எனக்கு உள்ளே சிரிப்புப் பொங்கியது. உடை மாற்றும் அறைக்குப் போகும் வரை அது இருந்தது.

உடை மாற்றும் அறை ஒரு பழைய வகுப்பறை. மதுரா சின்னப் பிள்ளைகளின் வாங்கில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். என் பொய்முடியின் ஊசிகளை எடுத்துவிட எழுந்து வந்தாள்.

“அம்மா, ஆரைப் பாத்துச் செய்தனீங்கள்?”

தமிழில் கேட்டாள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

“உன்ரை மாமியைத்தான். ஆருக்கும் சொல்லிப்போடாதை.”

அவள் ஊசி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். இன்னொன்று எடுத்தாள்.

“இல்லையம்மா” என்றாள். “அது நீங்கள்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதுரா ஒரு இளைஞனை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். பெயர் ஜெரோம். மட்டக்களப்பு. ஒடென்சேயில் டிராம் ஓட்டுகிறவர். நல்ல உயரம், அமைதியான முகம். வாசலில் சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் ஒழுங்காக வைத்தார். நான் விளிம்பில் தங்கக் கோடு போட்ட கோப்பைகளை எடுத்து, ரோல்ஸ் பொரித்து, “வாங்கோ தம்பி, இருங்கோ” என்றுதான் தொடங்கினேன்.

பிறகு கேட்டேன். எந்த ஊர்? ஊரிலை எவடம்? அப்பா என்ன செய்தவர்?

“சலூன் வச்சிருந்தவர், அன்ரி. இப்ப கண் தெரியிறது குறைவு, அதால விட்டுட்டாரு” என்றார் ஜெரோம். ஒளிக்காமல், சாதாரணமாக.

நான் என்ன செய்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். உடை மாற்றும் அறையில் மதுரா சொல்லச் சொல்ல எல்லாம் ஞாபகம் வந்தது. கேத்திலைத் தூக்கினேன். அவருடைய கோப்பை பாதி காலியாக இருந்தது. ஊற்றாமல் கீழே வைத்தேன். “ஓ…” என்றேன். பிறகு,

“நீர் தேத்தண்ணியைக் குடியும்” என்றேன்.

வேறொன்றும் நடக்கவில்லை. சத்தம் போடவில்லை. போகச் சொல்லவில்லை. அவர்கள் போனபிறகு மதுராவிடம், “நல்ல பிள்ளைதான், ஆனால்…” என்று தொடங்கி, அந்த “ஆனால்”ஐ முடிக்காமலே விட்டேன். பிறகு அவள் ஜெரோமைப் பற்றிப் பேசவில்லை. விட்டுப்போய்விட்டது என்று நானும் சந்தோசப்பட்டேன்.

“விட்டுப்போகேல்லை” என்றாள் மதுரா இப்போது, இன்னொரு ஊசியை எடுத்தபடி. “நாங்கள் மூண்டு வருசமா ஒண்டாத்தான் இருக்கிறம். சித்திரையிலை கலியாணம், ஒடென்சே ரோட்ஹூசிலை. உங்களை வரச் சொல்லுறதோ வேண்டாமோ எண்டு எனக்கும் தெரியேல்லை, அவருக்கும் தெரியேல்லை. இண்டைக்கு அதைக் கதைக்கத்தான் வந்தனான். ஆனா மேடையிலை நீங்கள் அதைச் சொல்ல, சுத்தி இருந்த எல்லாரும் சிரிச்சினம். என்னாலை ஏலாமப் போச்சு.”

ரோட்ஹூஸ் என்றால் நகரசபை மண்டபம். அங்கேதான் பதிவுத் திருமணம் செய்வார்கள். என் மகள் கலியாண நாள் குறித்திருக்கிறாள். அதை எனக்குச் சொல்வதற்கு யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

“வயசிலை சின்ன ஆளை ‘நீர்’ எண்டு சொல்லுறது ஊர்ப்பழக்கமடி” என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற பழக்கம் இருந்திருந்தால் தொடக்கத்திலேயே சொல்லியிருப்பேனே.

அவள் கடைசி ஊசியையும் எடுத்து வைத்துவிட்டு ரெயிலுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிறு இரண்டாவது காட்சி. எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று காலை முழுக்க யோசித்தேன். போனேன். தேநீர்க் காட்சியில் மிக்கெலின் முகத்தைப் பார்த்து அதே வசனத்தைச் சொன்னேன். முதல் நாளைவிடக் கூடச் சிரித்தார்கள். இந்த முறை அவர்கள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். சிரிக்கட்டும் என்று நாடியை இறக்காமல் நின்றேன்.

நான்காம் மாடி

அடுத்த புதன்கிழமை ஒடென்சேக்கு ரெயில் எடுத்தேன். வரலாமா என்று நான் கேட்டதற்கு, “ஜெரோமுக்கு அண்டைக்கு லீவு, வாறதெண்டால் வாங்கோ” என்று மதுரா செய்தி அனுப்பியிருந்தாள். பாலம் கடக்கும்போது கடல் சாம்பல் நிறமாக, அசைவில்லாமல் கிடந்தது. என்ன சொல்வது என்று மூன்று விதமாகப் பாடமாக்கிக்கொண்டு போனேன். ஒன்றிலும் சரியான தொடக்கம் வரவில்லை.

நான்காம் மாடி. கதவைத் திறந்தது ஜெரோம்.

“வாங்க அன்ரி.”

மதுரா அவருக்குப் பின்னால் நின்றாள். நான் சப்பாத்தைக் கழற்றவில்லை. உள்ளே போய் இருந்துவிட்டால் உபசாரத்தில் எல்லாம் கரைந்துவிடும் என்று தோன்றியது.

“ஜெரோம், நீங்கள் அண்டைக்கு எங்கடை வீட்டுக்கு வந்தனீங்கள். நான் உங்களை மரியாதை இல்லாமல் நடத்திப்போட்டன். அது தெரியாமல் நடந்ததில்லை. தெரிஞ்சுதான் செய்தனான்.”

அவர் மதுராவைத் திரும்பிப் பார்த்தார்.

“இவ எப்பயும் சொல்லுவா, அம்மாக்கு யோசிக்காம வாயில வந்திருக்கும் எண்டு. நான்தான் இல்லை எண்டு சொல்லிக்கிட்டே இருந்தன். நீங்களே சொல்றது நல்லம், அன்ரி.”

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் பொய். எதிர்பார்த்தேன்.

உள்ளே இருத்தி அவரே தேநீர் போட்டார். ஏலக்காய் போட்டிருந்தார். குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்:

“என்னைச் சொன்னது பரவால்ல. டிராமுக்குள்ள இதவிடக் கேட்டிருக்கன். கலியாணத்துக்கு அப்பா வாறாரு. அவருக்கிட்ட ஆராச்சும் அந்தக் கேள்வி கேட்டா, அவருக்கு ஒளிக்கத் தெரியாது. சிரிச்சிக்கிட்டே சொல்லுவாரு. கேட்டவங்கட முகம் மாறுறது அவருக்குத் தெரியாது, கண் சரியில்ல. எனக்குத் தெரியும். அதுதான் எனக்கு ஏலாது.”

நான் தலையாட்டினேன்.

“நீங்க வாங்க, அன்ரி. ஆனா அப்பாவோட நீங்க கதைக்கக்குள்ள நான் பக்கத்தில நிப்பன்.”

“நில்லுங்கோ” என்றேன்.

சித்திரை

பதிவு பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மதுரா வெள்ளை நிறத்தில் சேலை கட்டியிருந்தாள், மேலே ஒரு கம்பளிச் சட்டை, ஏனென்றால் டென்மார்க்கில் சித்திரை பெயருக்குத்தான் வசந்தம். பக்கத்து மண்டபத்தில் கேக்கும் தேநீரும் வைத்திருந்தார்கள்.

ஜெரோமின் தகப்பன் சூசைப்பிள்ளை சாம்பல் நிறக் கோட்டில், முதுகு நிமிர்ந்து, ஜன்னலோரக் கதிரையில் இருந்தார். கறுப்புக் கண்ணாடி. நான் ஒரு கோப்பைத் தேநீரோடு அவரிடம் போகத் திரும்பினேன். பத்மா மச்சாள் எனக்கு முன் அங்கே போய்விட்டா.

“மட்டக்களப்பெண்டு சொல்லிச்சினம். மட்டக்களப்பிலை எவடம்?”

ஜெரோம் மண்டபத்தின் மறுபக்கத்திலிருந்து ஆட்களை விலக்கிக்கொண்டு வருவது தெரிந்தது. நான் கிட்ட நின்றேன்.

“மச்சாள்,” என்றேன், “இவர் என்ரை சம்பந்தி. பேர் சூசைப்பிள்ளை. சலூன் வைச்சிருந்தவர். வேறை என்ன உங்களுக்குத் தெரியவேணும்? நான் சொல்லுறன்.”

மச்சாளின் நாடி உயரத் தொடங்கியது. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நின்றது. கன்னம் சிவந்து, “நான் சும்மாதானே கேட்டனான்” என்று கேக் மேசைப் பக்கம் போனா. பிறகு ஆறு மாதம் அவ எனக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. அது தனிக்கதை.

சூசைப்பிள்ளை குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். “ஆரு, மதுராட அம்மாவா? இருங்க தங்கச்சி, இருங்க.”

கதிரையை இழுத்து அவர் பக்கத்தில் இருந்தேன். தேநீரைக் கையில் கொடுத்தேன். ஜெரோம் வந்து தகப்பனின் தோளுக்குப் பின்னால் நின்றார். சொன்னபடி நின்றார்.

“கலியாணம் முடிச்சு வச்ச ஐயா இரிக்கிறாரே,” என்றார் சூசைப்பிள்ளை மெல்லிய குரலில், ரகசியம் சொல்கிறவர் மாதிரி, “கிட்ட வந்து கைகுடுக்கக்குள்ள பாத்தன். எனக்குக் கண் மங்கல்தான், ஆனா இது தெரியும். காதுக்குப் பின்னால அவருக்குச் சரியா வெட்டல்ல. ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி. பாவம், நல்ல மனுசன்.”

நான் திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். பதிவாளரின் வலது பக்கம் அரை அங்குலம் ஏறியிருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். பிறகு என் கணவரின் தலையைப் பற்றி விசாரித்தார். அது முழுக்க வழுக்கை என்றேன். “அப்ப கரைச்சல் இல்ல” என்றார்.

படமெடுப்பவர் மறுபக்கத்திலிருந்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். ஜெரோம் அசையவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டார். மதுராவும் கையசைத்தாள்.

ஜெரோம் தகப்பனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் விட்டுவிட்டுப் படமெடுக்கப் போனார்.